மூழ்கும் மலை, வளரும் வேலி

பசிபிக் கடலின் நடுவில் இருக்கும் டஹிட்டித் தீவின் பப்பீத்தே துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறுகிறவர்களுக்கு வழக்கமான சுற்று இதுதான்: முதலில் கண்ணுக்கெதிரே நிற்கும் மோரேயா, அடுத்து ஹுவாஹினே, பிறகு ஒரே காயலுக்குள் இரட்டையாகக் கிடக்கும் ராயாத்தேயாவும் தாஹாவும், முடிவில் போரா போரா. தேனிலவுக்கு அங்கே போனவர்கள் பிள்ளைகள் ஆளான பிறகு மறுபடியும் கப்பலேறுவதுண்டு. அதே கரிய மலை, அதே பச்சைநீலத் தண்ணீர், வெளியே அதே வெண்ணுரைக் கோடு. தீவு தங்களுக்காக அப்படியே காத்திருந்தது என்று அவர்களுக்குத் தோன்றும். அழகான எண்ணம்தான். ஆனால் உண்மை அதைவிட அழகானது. அந்தத் தீவு ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. நகர்ந்துகொண்டிருக்கிறது, அமிழ்ந்துகொண்டிருக்கிறது, மழையில் கரைந்துகொண்டிருக்கிறது. அப்படியிருந்தும் அது பழையபடி தெரிகிறதென்றால், யாரோ ஓயாமல் உழைக்கிறார்கள் என்று பொருள்.

கப்பல் போகும் வரிசையே இதற்கு முதல் சாட்சி. டஹிட்டியின் எரிமலை கடலுக்கு மேல் கட்டிய பாறைகளில் மிகப் பழையவற்றுக்கு ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டு வயது. மோரேயாவுக்கு 15 முதல் 20 லட்சம். ஹுவாஹினேவும் ராயாத்தேயாவும் 20 லட்சத்தைக் கடந்தவை. போரா போரா 30 லட்சத்துக்கும் மேல். அதற்கும் அப்பால், பெரிய கப்பல்கள் நுழைய முடியாத மௌப்பிட்டித் தீவு 40 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. வடமேற்கே போகப் போகத் தீவுக்கு வயது கூடுகிறது.

வயது கூடக் கூட உயரம் குறைகிறது. டஹிட்டியின் ஓரோஹேனா சிகரம் 2,241 மீட்டர். மோரேயாவின் மிக உயர்ந்த சிகரம் 1,207. ராயாத்தேயா ஆயிரத்தைச் சற்றே தாண்டும். போரா போராவின் ஓட்டேமானு 727 மீட்டர். மௌப்பிட்டியில் 400 மீட்டரைக்கூட எட்டும் இடமில்லை. நடுவில் ஹுவாஹினே மட்டும் இந்த வரிசைக்கு அடங்காமல் 669 மீட்டரோடு நின்றுவிடுகிறது. எரிமலைகள் எல்லாம் ஒரே அளவில் பிறப்பதில்லை அல்லவா? ஆனால் மொத்தப் போக்கில் ஐயமில்லை. கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர் ஒரு வாரத்துக்குள் ஒரே எரிமலையின் இளமையையும் நடுவயதையும் முதுமையையும் பார்த்துவிடுகிறார். உயிருள்ள எந்த ஆசிரியரும் இதைவிடத் தெளிவாக நிலவியல் பாடம் நடத்திவிட முடியாது என்பது என் எண்ணம்.

ஏன் இந்த வரிசை? டஹிட்டிக்குத் தென்கிழக்கே சுமார் 110 கிலோமீட்டரில் மெஹேட்டியா என்று ஒரு சின்னஞ்சிறு தீவு. ஆள் குடியிருப்பில்லை. அந்தப் பகுதிக்கு அடியில், பூமியின் கவசத்திலிருந்து சூடான பாறை மேலெழுந்து உருகுகிறது. இப்படிப்பட்ட இடத்தை வெப்பப் புள்ளி என்கிறார்கள். கனடா நாட்டு நிலவியலாளர் டூசோ வில்சன் 1963-ல் ஹவாய்த் தீவுகளை வைத்து இந்த விளக்கத்தை முன்வைத்தார். நெருப்பு ஓரிடத்தில் நிற்கிறது. அதற்கு மேலே கடலடித் தட்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது. தட்டைத் துளைத்து ஓர் எரிமலை எழும். தட்டு அதை எடுத்துக்கொண்டு வடமேற்கே போய்விடும். அடியிலிருக்கும் ஊற்றை இழந்த மலை அணையும். காலியான இடத்தில் அடுத்தது எழும்.

மெஹேட்டியாவிலிருந்து மௌப்பிட்டி வரை சுமார் 470 கிலோமீட்டர். மௌப்பிட்டியின் வயதைக்கொண்டு வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் வருகிறது. டஹிட்டியில் பொருத்தப்பட்ட செயற்கைக்கோள் அளவுக் கருவிகள் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டுகின்றன. இரண்டும் முரண்படவில்லை. ஒன்று ஆழத்து வெப்பப் புள்ளியை நிலையாக வைத்து அளக்கிறது. மற்றது பூமியின் மேலோட்டுத் தட்டுகளின் மொத்த நகர்வுக்குச் சராசரி கண்டு, அதைச் சார்ந்து அளக்கிறது. எப்படி அளந்தாலும், முப்பது ஆண்டு கழித்துத் திரும்பிவரும் தம்பதி காலடி வைக்கும் போரா போரா, அவர்கள் விட்டுப்போன இடத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. மலையும் ஊரும் தென்னைகளும் சேர்ந்து நகர்ந்திருப்பதால் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

நகர்வோடு அமிழ்வும் சேர்ந்துகொள்கிறது. கடலடித் தட்டு வயதாக ஆகக் குளிர்கிறது. குளிர்ந்த பாறை சுருங்கி, அடர்த்தி கூடிக் கீழிறங்குகிறது. வெப்பப் புள்ளிக்கு மேல் தட்டு சற்றுப் புடைத்திருக்கும். அதைத் தாண்டியதும் அந்தப் புடைப்பின் தாங்கலும் போய்விடுகிறது. இவற்றோடு எரிமலையின் சொந்த எடை வேறு. டஹிட்டியைச் சுற்றிக் கடல் நான்கு கிலோமீட்டர் அளவுக்கு ஆழம். அந்த அடித்தளத்திலிருந்து எழுந்து நிற்கும் கல்மலையின் பாரம் முழுவதையும் தட்டுதான் சுமக்கிறது, சுமந்து வளைகிறது. இந்தக் காரணங்களால் டஹிட்டி ஆண்டுக்குச் சுமார் கால் மில்லிமீட்டர் அமிழ்கிறது. நான்கு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் கேட்பதற்கு அற்பமாக இருக்கும். பத்து லட்சம் ஆண்டில் அது 250 மீட்டர். கூடவே வெப்பமண்டல மழை மலையின் மேற்பகுதியை அரித்துக் கடலில் சேர்க்கிறது.

ஆக, கணக்குப்படி இந்தத் தீவுகள் ஒவ்வொன்றாக மூழ்கித் தடமில்லாமல் போகவேண்டும். போகவில்லை. மலை போனாலும் அதன் எல்லையைக் காட்டும் வளையம் ஒன்று கடல்மட்டத்திலேயே நிற்கிறது. இந்தப் புதிரை அவிழ்த்தவர் 26 வயது இளைஞர். அதுவும் ஒரு பவளத்திட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே.

1835 பிப்ரவரி 20 அன்று சிலி நாட்டைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. பீகிள் கப்பலில் வந்த சார்லஸ் டார்வின் அப்போது வால்டிவியா ஊரை ஒட்டிய காட்டில் இருந்தார். சில நாள் கழித்துக் கப்பல் கான்செப்சியோன் போனபோது, கரை உயர்ந்திருந்தது. அருகிலிருந்த சாந்தா மரியா தீவில், மட்டிகள் பாறையில் ஒட்டியபடியே கடலுக்கு மேலே வந்து செத்துக் கிடந்தன. கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் அளந்துபார்த்தார், சில இடங்களில் மூன்று மீட்டர் உயர்வு. நிலம் இப்படி எழுமானால் வேறெங்கோ அது தாழ்ந்தாக வேண்டும் என்று டார்வின் யோசித்தார். பசிபிக் கடலின் அடித்தளம் தாழ்கிறது என்றால், அங்கிருக்கும் தீவுகளுக்கும் அவற்றைச் சுற்றிய பவளங்களுக்கும் என்ன நேரும்?

திட்டுக் கட்டும் பவளம் ஆழத்தில் வாழாது என்பது மாலுமிகள் போட்ட ஆழக்கயிறுகளிலிருந்து அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் நடுக்கடலில், அடிகாணாத ஆழத்திலிருந்து, வட்ட வட்டமாகப் பவளத்திட்டுகள் எழுந்து நின்றன. ஆழத்தில் வாழ முடியாத உயிர் ஆழத்திலிருந்து எப்படிக் கட்டியிருக்கும்? கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் எரிமலை வாய்களின் விளிம்பில்தான் பவளம் வளர்கிறது, அதனால்தான் வட்டம் என்றார் அன்றைய பெரிய நிலவியலாளர் சார்லஸ் லயெல். அந்த விளக்கத்தில் ஒரு சங்கடம் இருந்தது: ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் எத்தனையோ எரிமலைகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் கடல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வந்து நின்றிருக்க வேண்டும்.

அந்த ஆண்டு நவம்பரில் பீகிள் டஹிட்டிக்கு வந்தது. டார்வின் ஒரு மலைச்சரிவில் ஏறி, கடலுக்கு அப்பால் மோரேயாவைப் பார்த்தார். நடுவில் மலை, அதைச் சுற்றி அசைவற்ற காயல், அதற்கும் வெளியே அலை உடைந்து வெள்ளையாகத் தெரியும் திட்டு. சட்டம் போட்ட ஓவியம் போல இருக்கிறது என்று அவருக்குப் பட்டது: மலை ஓவியம், காயல் அதைச் சுற்றிய வெற்றுத் தாள், திட்டு சட்டம். ஓவியத்தை எடுத்துவிட்டால்? வெறும் சட்டம் மிஞ்சும். நடுக்கடலில் மாலுமிகள் பார்க்கும் வட்டப் பவளத்திட்டு அதுதான்.

இதை விரித்துச் சொன்னால் இப்படி: இளந்தீவின் கரையை ஒட்டியே பவளம் குடியேறுகிறது, இது விளிம்புத் திட்டு. தீவு அமிழ அமிழ, பவளம் வெளிச்சத்தை விடாமல் தன் பழைய எலும்புக்கூடுகளின் மேலேயே மேல்நோக்கிக் கட்டுகிறது. மலை சிறுத்துக்கொண்டே போகிறது, திட்டு முதலில் நின்ற எல்லையிலேயே உயர்கிறது. இடையில் காயல் விரிகிறது. இப்போது அது தடுப்புத் திட்டு. மலையின் கடைசிக் கல்லும் மறைந்தபின் எஞ்சுவது வட்டத் திட்டு. 1837 மே மாதம் லண்டன் நிலவியல் சங்கத்தில் டார்வின் இதைப் படித்தார். லயெல் தன் கருத்தைக் கைவிட்டுவிட்டார். 1842-ல் நூலாக வந்தது. பரிணாமக் கொள்கை உலகுக்குத் தெரிவதற்குப் பல ஆண்டு முந்தைய டார்வின் இவர். எனக்கு இந்த டார்வினை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். ஓர் எளிய படிக்கட்டைக் கண்டுபிடித்து, உலகின் பவளத் தீவுகள் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவைத்துவிட்டார்.

போரா போராவுக்குக் கப்பலில் போகிறவர் இந்தப் படிக்கட்டைத் தானே சரிபார்க்கலாம். டஹிட்டியில் பல இடங்களில் திட்டு கரையை ஒட்டிக் கிடக்கிறது. மோரேயாவில் காயல் உண்டு, குறுகலானது. போரா போராவில் மலையைவிடக் காயலின் பரப்பு பெரியது. எரிமலை வாயின் ஒரு பக்கம் ஏற்கெனவே தண்ணீருக்குள். அதற்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் துப்பாய் என்ற திட்டு. அங்கே மலையே இல்லை, காயலைச் சுற்றிய வளையம் மட்டும். ஹெலிகாப்டரில் சுற்றிக்காட்டுகிறவர்கள் அது இதய வடிவம் என்று காட்டிப் படமெடுக்கச் சொல்வார்கள். டார்வினின் வெறும் சட்டம் அதுதான் என்று யாராவது ஒருவர் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இன்னொரு சாட்சியையும் கப்பல் பயணி தவறவிடக்கூடாது. மோரேயாவின் வடகரையில் இரண்டு நீண்ட குடாக்கள் மலைக்குள் நுழைந்து கிடக்கின்றன. படம் பிடிக்கக் கூட்டம் மொய்க்கும் இடம். அவை ஆற்றுப் பள்ளத்தாக்குகள். மேலே நின்றபோது மழைநீர் வெட்டியவை, தீவு அமிழ்ந்தபோது கடல் உள்ளே புகுந்து நிரப்பியவை. அமெரிக்க நிலவியலாளர் ஜேம்ஸ் டேனா, 1838 முதல் 1842 வரை நடந்த ஒரு கடலாய்வுப் பயணத்தில் இந்தத் தீவுகளைப் பார்த்தவர். டார்வினின் கருத்தைச் சிட்னியில் ஒரு செய்தித்தாளில்தான் முதலில் படித்தார். மூழ்கிய பள்ளத்தாக்குகள் அமிழ்வுக்கு நேரடிச் சான்று என்பதைச் சுட்டிக்காட்டியவர் அவரே. டார்வினுக்கு அது தோன்றவில்லை. மோரேயாவின் குடாவில் நங்கூரமிடும் கப்பல், ஒரு காலத்தில் ஆறு ஓடிய பள்ளத்தாக்கின் மேல் மிதக்கிறது.

டார்வினின் விளக்கத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. கடலியலாளர் ஜான் மரே எதிர்த்தார். இன்னோர் ஆய்வாளர் அலெக்ஸாண்டர் அகாசிஸ் வாழ்நாளில் பெரும்பகுதியைத் திட்டுகளைத் தேடிப் போவதிலேயே செலவிட்டு, முடிவான நூலை எழுதாமலே 1910-ல் கடற்பயணத்தில் இறந்தார். யாராவது பெரும் பணக்காரர் வட்டத் திட்டுகளில் ஆழத்துளை போட்டுப் பார்க்க முன்வரமாட்டாரா என்று 1881-லேயே அகாசிஸுக்கு டார்வின் கடிதம் எழுதியிருந்தார். லண்டன் ராயல் சங்கம் 1896 தொடங்கி ஃபுனாஃபுட்டி திட்டில் துளைத்தது. 340 மீட்டர் போயும் எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை. விடை வந்தது 1952-ல், மார்ஷல் தீவுகளின் எனிவெட்டாக் திட்டில். ஒரு துளையில் 1,267 மீட்டரிலும் இன்னொன்றில் 1,405 மீட்டரிலும் பசால்ட் பாறை தட்டியது. அதற்கு மேலே இருந்தது அத்தனையும் ஆழமற்ற கடலில் வாழ்ந்த உயிர்களின் சுண்ணாம்பு. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மலை அமிழ அமிழ அவை மேலே கட்டிக்கொண்டே வந்திருக்கின்றன. டார்வின் சொன்னது சரி. ஆனால் அந்தத் துளைகள் போடப்பட்டதே அணுகுண்டுச் சோதனைக்கான ஆயத்தத்தின் பகுதியாகத்தான். அதே ஆண்டு நவம்பர் 1-ல் எனிவெட்டாக்கில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு, எலுகெலாப் என்ற குட்டித்தீவை இல்லாமல் ஆக்கியது. அவ்வளவு நெடுங்காலம் கட்டியதன் மேல் இதைச் செய்ய மனிதனுக்கு மனம் வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

நம் பக்கத்திலும் இதே கதை உண்டு. தக்காணத்தின் எரிமலைப் பாறைகளை 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கொட்டிய வெப்பப் புள்ளியின் மேலேதான் பிறகு இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்தது. லட்சத்தீவும் மாலத்தீவும் அந்தத் தடத்தில் எழுந்து மூழ்கிய எரிமலைகளின் மேல் பவளம் கட்டியவை. நெருப்பு இன்று இந்தியப் பெருங்கடலின் தென்மேற்குப் பகுதியில் ரீயூனியன் தீவில் எரிகிறது. கொச்சியிலிருந்து கவரத்திக்குக் கப்பலில் போகிறவர் பார்ப்பதும் ஓவியம் போன பிறகு எஞ்சிய சட்டத்தைத்தான்.

போரா போராவுக்குள் கப்பல் நுழைய ஒரே வழி, மேற்கே உள்ள தேயாவானுய் கால்வாய். திட்டில் ஏன் அங்கே மட்டும் வாசல்? இப்படிப்பட்ட வாசல்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்குகளுக்கு நேரெதிரே இருக்கும். மலையிலிருந்து வரும் நன்னீரும் சேறும் பவளத்துக்கு ஆகாது; கடல் தாழ்ந்திருந்த காலத்தில் ஆறு அங்கே திட்டையே வெட்டியும் இருக்கும். பிறந்த வாசலைத் தூர்ந்துபோகாமல் வைத்திருப்பது அலை. வெளியே உடையும் ஒவ்வொரு அலையும் திட்டின் தலைக்கு மேலாகத் தண்ணீரைக் காயலுக்குள் தள்ளுகிறது. உள்ளே சேர்ந்த நீர் வெளியேற வழி அந்தக் கால்வாய்தான். அதனால்தான் இவ்வகை வாசல்களில் நீரோட்டம் பெரும்பாலும் கடலை நோக்கியே இழுக்கிறது.

ஓதத்துக்கு இங்கே பெரிய வேலையில்லை. இது தனி அதிசயம். உலகின் கடற்கரைகளில் பெரும்பாலானவற்றில் ஓதம் நிலவைப் பின்பற்றும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளித் தள்ளி வரும். பசிபிக்கில் நிலவின் ஓத அலை ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது. அந்த மையத்தில் ஏற்றமும் இறக்கமும் கிட்டத்தட்டப் பூஜ்யம். டஹிட்டி அதற்கு அருகில் இருக்கிறது. நிலவின் கை ஓய்ந்துபோக, சூரியனின் சிறிய ஓதம் மட்டும் தெரிகிறது. ஆகவே பப்பீத்தேயில் நாள்தோறும் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டியே கடல் ஏறுகிறது, அதுவும் ஓர் அடி அளவுக்குத்தான்.

வாசலைக் கடந்ததும் கப்பலின் ஆட்டம் நின்றுவிடும். பயணிகள் கவனிப்பது நிறத்தை. நான் அவர்களை முதலில் இந்த அமைதியைக் கவனிக்கச் சொல்வேன். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பவளத்திட்டு அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டை வாங்கிக்கொள்கிறது என்று தெரிந்திருக்கிறது. அதில் பெரும்பகுதியை வாங்குவது திட்டின் உச்சி. அந்த உச்சியில் பவளத்தைவிட அதிகம் உழைப்பது இளஞ்சிவப்பு நிறச் சுண்ணாம்புப் பாசி. உடைந்த பவளத் துண்டுகளைப் பூசிப் பிணைத்துக் கல்லாக்குவது அது. பவள உயிரி ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்தில் உணவு சமைத்து, பெரும்பங்கை அதற்கே கொடுக்கின்றன. பவளத்துக்கு வெளிச்சம் வேண்டியிருப்பது அதனால்தான். தீவு அமிழும்போது அது மேல்நோக்கி வளர்வதும் அதனால்தான்.

நிறத்தின் கதை எளிது. தண்ணீர் சிவப்பை விழுங்கிவிடும், நீலத்தை விட்டுவிடும். இந்தக் கடலில் சத்துப்பொருள் குறைவு, மிதக்கும் பாசியும் குறைவு, அதனால் நீர் கண்ணாடி. அடியில் வெள்ளை மணல் ஒளியைத் திருப்பியனுப்புகிறது. மணலில் நல்ல பங்கைத் தந்தது கிளிமீன். பாசிக்காகச் சுண்ணாம்பைக் கொறித்து, அரைத்து, வெள்ளைப் பொடியாக வெளியே விடுகிறது; பெரிய இனத்தில் ஒரு மீன் ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணல் தரும்.

டார்வினின் படிக்கட்டில் ஒரு படி குறைவாக இருந்தது: கடல்மட்டமும் ஏறி இறங்கும் என்பது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல் இன்றைய மட்டத்துக்கு 120 மீட்டருக்கும் கீழே கிடந்தது. இன்று கப்பல் நங்கூரமிடும் காயல் அப்போது உலர்ந்த நிலம். பவளத்திட்டு அதைச் சுற்றி நின்ற வெள்ளைச் சுண்ணாம்பு மதில். அதன் மேல் பெய்த மழை பாறையைக் கரைத்து நடுவில் குழிவாக்கியிருக்கும், காயலின் இன்றைய வடிவத்தில் அதற்கும் பங்குண்டு என்று வாதிடுகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பனி உருகக் கடல் ஏறியது, பவளம் மறுபடி குடியேறியது. தண்ணீர்மேல் குடில்கள் கட்டியிருக்கும் மோட்டு என்கிற மணல் தீவுகளோ இன்னும் புதியவை. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இன்றைவிடச் சற்று உயர்ந்திருந்து, பிறகு இறங்கிய பின் திட்டின் மேல் திரண்டவை. தோணிகளில் வந்த பொலினீசியர் இந்தத் தீவுகளில் குடியேறியது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. 30 லட்சம் ஆண்டு மலையின் விளிம்பில், மனிதரைவிடச் சற்றே மூத்த கரை!

பனி உருகியபோது கடல் எவ்வளவு வேகமாக ஏறியது என்பதைச் சொன்னதும் இதே தீவுதான். 2005-ல் பல நாட்டு அறிவியலாளர்கள் டஹிட்டியைச் சுற்றிக் கடலடியில் மூழ்கிக் கிடந்த பழைய திட்டுகளைத் துளையிட்டனர். எடுத்த பவளங்களின் வயதைக் கணித்தபோது, சுமார் 14,600 ஆண்டுகளுக்கு முன், 350 ஆண்டுக்கும் குறைந்த காலத்தில் கடல் 14 முதல் 18 மீட்டர் ஏறியது தெரிந்தது. ஆண்டுக்கு நான்கைந்து சென்டிமீட்டர். அந்த வெள்ளத்திலும் டஹிட்டியின் பவளம் அழிந்துவிடவில்லை. ஆழத்தில் மாட்டிக்கொண்ட திட்டைக் கைவிட்டு, சரிவில் மேலேறிக் கரைப்பக்கமாக மறுபடி கட்டியது.

திரும்பி வருவதை ஓர் அறிவியல் கருவியாகவே ஆக்கியவர்கள் மோரேயாவில் இருக்கிறார்கள். பிரெஞ்சு ஆய்வு நிலையமும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக நிலையமும் அங்கே இயங்குகின்றன. அதே இடங்களில் ஆண்டுதோறும் மூழ்கி, அதே சதுரங்களில் பவளத்தை எண்ணுகிறார்கள். 2000-களின் நடுவில் வெளிச்சரிவு செழிப்பாக இருந்தது. பிறகு முட்கிரீட நட்சத்திர மீன்கள் பெருகிப் பவளத்தைத் தின்று தீர்த்தன. 2010 பிப்ரவரியில் ஓலி புயல் எஞ்சிய எலும்புக்கூடுகளையும் அடித்துக்கொண்டு போனது. வடகரை வெளிச்சரிவில் உயிருள்ள பவளம் 5 விழுக்காட்டுக்கும் கீழே போனது. அந்த நேரத்தில் இறங்கிப் பார்த்தவருக்கு அது செத்த கடல். ஆனால் மொட்டைப் பாறையில் முளைத்த பாசியை மேயும் கிளிமீன்கள் பெருகின. பாறை சுத்தமாகவே இருந்தது. மிதந்து வந்த பவளக் குஞ்சுகளுக்கு ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்தது. பத்தாண்டுக்குள் அந்தச் சரிவு பழைய செழிப்பை எட்டிவிட்டது. 2005-லும் 2018-லும் மட்டும் வந்துபோன பயணி, எதுவும் நடக்கவில்லை என்றே நினைத்திருப்பார். காயலின் உட்பகுதிகள் சிலவற்றில் இந்த மீட்சி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாசி மூடிய இடம் பாசிக்கே போனது.

2019-ல் கடல் சூடேறியது. பவளத்துக்குள்ளிருக்கும் பாசி வெளியேறி, பவளம் வெளிறியது. மீண்டு எழுந்திருந்தவற்றில் ஒரு பெரும்பகுதி மடிந்தது. என் கவலை இங்கேதான். 1993 தொடங்கி 30 ஆண்டில் உலகக் கடல்மட்டம் சராசரியாக ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறது. டஹிட்டி அதே காலத்தில் அமிழ்ந்தது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. உயரத்தில் இந்தப் போட்டியைச் சமாளிக்கும் திறன் பவளத்துக்கு உண்டு. பனியுக முடிவில் இதைவிட வேகமான ஏற்றத்தைத் தாங்கியிருக்கிறது. ஆனால் ஒரு வெப்ப அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்தாண்டு இடைவெளி கிடைத்தால்தான் அந்தத் திறன் வேலைசெய்யும். அந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டிருப்பது நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும். அமிழும் மலைக்கு 30 லட்சம் ஆண்டு துணை நின்ற உயிரை, ஒரு தலைமுறைக்குள் களைக்கச் செய்கிறோம்.

வரிசையின் மறுமுனையில், மெஹேட்டியாவைச் சுற்றி, அடுத்த தீவுகளுக்கான வேலை நடந்துகொண்டிருக்கிறது. 1981 முதல் 1985 வரை அந்தப் பகுதியின் கடலடியில் நிலநடுக்கங்கள் கூட்டங்கூட்டமாக எழுந்ததை டஹிட்டியின் கருவிகள் பதிவுசெய்தன. எரிமலைகள் அடியில் விழித்திருக்கின்றன. அவற்றுள் மௌவா பிஹாவின் உச்சி கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்குள் வந்துவிட்டது. பவளம் கட்டத் தேவையான வெளிச்சத்துக்கு அது இன்னும் ஆழம். மெஹேட்டியா மேலே வந்து நிற்கிறது, ஆனால் செங்குத்தான கருங்கரை, நேராக மோதும் கடல். சொகுசுக் கப்பல்களின் வழக்கமான சுற்றில் அந்தப் பெயரைப் பார்க்க முடியாது. நங்கூரமிட அங்கே காயல் இல்லை. வேலி கட்டப் பவளத்துக்கு இன்னும் காலம் போதவில்லை.